இரவல்

விற்பனை அல்ல. விலையும் இல்லை.
இரவல் என்றே எழுத வேண்டுமென்று
மூன்றாம் பக்கத்தில் அடிக்கோடிட்டிருந்தது.
மை மங்கிய அச்சில் கொம்பும் காலும் விடுபட்டிருக்க
பேனாவால் ஒவ்வொன்றாய் ஒட்டவைத்தேன்.

மீன்பிடிப் பூனை. பெண். வயது மூன்று.
பிறந்த இடம்: தெஹிவளை, கூடு பதினொன்று.
தாய்: தலவத்துகொடைச் சதுப்பு.
வெள்ளம் வடிந்த மறுநாள்
குப்பை லொறிக்காரர் சாக்கில் கொண்டுவந்து தந்த குட்டி.
தந்தை: அதே சதுப்பு, மறு கரை.
அவற்றுக்கு முன்னால்: தெரியாது.
அந்தத் தெரியாதுக்குத்தான்
வெளியே அத்தனை கிராக்கி.

பதினேழு தோட்டங்கள், ஒரே பேரேடு.
அதை வைத்திருப்பவள் குளிர் ஊரொன்றில் இருக்கிறாள்,
பெயர் யோஹானா, முகம் பார்த்ததில்லை.
எந்தக் கூண்டில் யார் யாருக்குச் சித்தப்பன்,
யார் ஒன்றுவிட்ட அக்கா,
எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.
வெள்ளவத்தைத் தரகர் மகாலிங்கசிவம்
சாதகத்தைத் திறக்குமுன் கேட்கும் முதற் கேள்வி:
"எங்கட ஆக்கள்தானே?"
யோஹானாவின் முதற் கேள்வியும் அதுதான்.
ஓம் என்றால்
சம்பந்தம் முறிந்தது.

பன்னிரண்டாம் கூட்டில் ஒரு கடுவன் இருந்தது.
இரவில் சுவரின் இரண்டு பக்கமும்
குரல் கொடுத்துக்கொள்வார்கள், காவற்காரன் சொல்வான்.
அதற்கும் ஒரு வரி வந்தது: இணை சேர்க்க வேண்டாம்.
"ஏன், பிழை ஏதும் செய்ததா?" என்றான் ஜினதாச.
பிழை இல்லை.
அதன் இரத்தம் ஏற்கெனவே ஒன்பது தோட்டங்களில் ஓடுகிறது,
போதும் என்கிறார்கள்.
அன்று கடுவனுக்கு இரண்டு மீன் கூட விழுந்தது.
கணக்கில் நான் அதைக் காணவில்லை.

பயணப்பெட்டிக்குப் பழக்க நாற்பது நாள்.
முதற்கிழமை வாசலில் திலாப்பியா,
பிறகு ஒரு சாண் உள்ளே,
பிறகு கடைசி மூலையில்.
"என்ன நங்கி, என்ன" என்று குந்தியிருப்பான் ஜினதாச.
அவன் மொழியில் அது வா.
என் காதில் அது எப்போதும் கேள்வியாகவே விழும்.
இருபது வருடம் ஒரே கடையில் தேநீர் குடிக்கிறோம்,
இன்றைக்கும் ஒரு நொடி பிந்தித்தான் திருத்திக்கொள்கிறேன்.

கட்டுநாயக்கா, சரக்கு வாசல், இரவு பதினொன்று.
முத்திரையை ஊதிக் காயவைத்தபடி அதிகாரி கேட்டார்:
"திரும்பி வருமா?"
வரும் என்றேன். இரவல்தானே.
பெட்டிக்குள் தண்ணீர்க் கிண்ணம் தட்டுப்பட்டது.
தம்பியை மற்ற வாசலால் அனுப்பிய அன்றும்
அம்மாவுக்கு இதே சொல்தான் சொன்னேன்.

பெப்ரவரியில் யோஹானா எழுதினாள்.
இரண்டு குட்டிகள்.
ஒன்று மூன்றாம் நாள் செத்தது, காரணம் பார்க்கிறார்கள்.
மற்றது பெண்,
கிண்ணத் தண்ணீரில் கையை விட்டு விட்டு எடுக்கிறதாம்.
ஒப்பந்தப்படி அது தெஹிவளைக்குச் சொந்தம்.
ஒன்றரை வயதானதும் வேறொரு நாட்டுக்குப் போகும்,
அங்கே ஒரு தோதான கடுவன் இருக்கிறது.
நீங்கள் சம்மதித்துக் கையொப்பமிட வேண்டும்.

இட்டேன்.
எங்களுடையது, எங்களிடம் இராது.
பேரேட்டில் புதிய வரி. தாயின் தாய் என்ற கட்டத்துக்குள்
தலவத்துகொடை முழுவதும் அடங்கவில்லை,
கொடை அடுத்த கட்டத்துக்குள் வழிந்தது.
அந்தச் சதுப்பின் ஓரத்தில் இப்போது டிப்பர்கள் மண் கொட்டுகின்றன.
பஸ்ஸில் வரும்போது ஜினதாச எண்ணுவான்:
நேற்று எட்டு, இன்று பதினொன்று.

கடிதத்தைச் சிங்களத்தில் வாசித்துக் காட்டினேன்.
குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு நின்று கேட்டான்.
செத்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
"மற்றதை அங்கே என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள்?"

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
தனியாக ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கிறேன்.
முற்பகல் தேநீர் வந்துவிட்டது.
அங்கே இன்னும் விடியவில்லை.